முழங்காலும் பேரேடும்

சென்ற கோடை விடுமுறைக்கு டொராண்டோவிலிருந்து காரைக்குடிக்கு வந்த என் ஆச்சி (அக்கா) மகன், பதின்மூன்று வயதுப் பையன், தன் பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து வெளியே வைத்தது ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக ஆடப்படும் அந்த வில்லைக்குப் பக் என்று பெயர். பருத்த அதிரசம் அளவுதான் இருக்கும்: மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம். அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தோம், 163 கிராம் காட்டியது. விதிப்படி 156 முதல் 170 கிராம் வரை இருக்கலாமாம். வளவின் ஆத்தங்குடிக் கல் தரையில் பையன் அதைச் சுண்டிவிட, அது இரண்டாங்கட்டு வாசற்படியில் முட்டித் துள்ளியது. ஆட்டத்துக்கு முன்பு பக்கை உறைய வைத்துவிடுவார்கள், வெதுவெதுப்பான ரப்பர் இப்படித்தான் துள்ளும் என்று அவன் விளக்கினான். எண்பத்தெட்டு வயதான எங்கள் ஆயா (பாட்டி) அதைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். இதை அடித்து ஆடுகிறவர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் என்று பையன் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை வருஷத்துக்குத் தருவாக?"

ஆயாவின் அப்பச்சி (தந்தை) பதினான்கு வயதில் பர்மாவின் மோல்மீனில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிச் சிறுவனாக, கப்பலேறியவர். மூன்றாண்டு ஒரு தவணை. தவணை முடிந்தால் ஊருக்கு வந்து சில காலம் இருந்துவிட்டு, மறுபடி சம்பளம் பேசிக்கொண்டு போக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு ஒரு பிழைப்பின் தரம் அதன் புகழில் இல்லை. தவணை எவ்வளவு, பங்கு எவ்வளவு, கணக்கு யார் கையில் என்பதில்தான் இருக்கிறது. கோல்களையும் கோப்பைகளையும் எண்ணிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்கள் ஐஸ் ஹாக்கி வீரரின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் வரலாற்றை வாசிக்க வாசிக்க, ஆயாவின் கேள்வியே சரியான கேள்வி என்று எனக்குப் பட்டது. அதற்குப் பதில் சொல்லப் பாபி ஓர் என்பவரின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான இன்னொன்று இல்லை.

பாபி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி சவுண்ட் என்ற சிற்றூரில் 1948-இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ஒரு சிறுவர் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோது பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் ஆட்கள் அவரைக் கண்டுகொண்டார்கள். 1962-இல், பதினான்கு வயதில், கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதற்கு ஈடாகப் பேசப்பட்டவை ஆயிரம் டாலர் ரொக்கம், ஒரு புதுக் கார், குடும்பத்தார் குடியிருந்த வீட்டின் வெளிச்சுவருக்குச் சுண்ணப் பூச்சு. இந்தக் கடைசி விவரத்தை வாசித்தபோது நான் சிரித்துவிட்டேன். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்தரைத்த சுண்ணாம்பைப் பூசி, கண்ணாடி போல மின்னும் வரை இழைத்த சுவர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு, வெளியூர் போன பையனின் சம்பாத்தியம் முதலில் வீட்டுச் சுவரில்தான் தெரியும் என்பது புதிய செய்தி அல்ல. இங்கே சம்பாதித்து வந்த பிறகு பூசினார்கள். அங்கே பையனை அனுப்புவதற்காகப் பூசச் சொன்னார்கள்.

அந்தக் கையெழுத்தின் கனம் இப்போதைய வாசகர்களுக்கு எளிதில் விளங்காது. அன்றைய ஏற்பாட்டின்படி, சிறுவன் ஓர் அணியின் தாளில் ஒருமுறை கையெழுத்திட்டால், வட அமெரிக்காவின் மேல்லீக்கான தேசிய ஹாக்கி லீக்கைப் பொறுத்தவரை அவன் அந்த அணியின் சொத்து. அணி தானாக விற்கவோ விடுவிக்கவோ செய்தால் ஒழிய வேறெங்கும் போய் ஆட முடியாது. லீக்கில் அப்போது இருந்தவை ஆறே அணிகள். ஆகவே ஆறு முதலாளிகள் கூடிப் பேசிக்கொண்டால், கண்டம் முழுவதிலும் பனிக்கட்டியில் கால் வைத்த எந்தப் பையனுக்கும் வேறு வழி கிடையாது. 1963-இல் இளைஞர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறை தொடங்கி, அந்தப் பத்தாண்டின் முடிவில் பழைய ஏற்பாடு ஒழிந்தது.

இன்றைக்கு 32 அணிகள், ஏழு சுற்று, ஆண்டுக்கு 224 பேர் தேர்வு. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும் வயது பெரிதாக மாறிவிடவில்லை. நல்ல ஆட்டக்காரன் என்று பெயரெடுத்த கனடியப் பையன் பதினாறு வயதில் நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் ஓர் ஊரின் ஜூனியர் அணிக்குப் போகிறான். அங்கே முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்துப் போடுவதைச் சாப்பிட்டு, அவ்வூர்ப் பள்ளியில் படித்துக்கொண்டே, இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து ஆடுகிறான். நம் பெட்டியடிப் பையன்கள் கடையிலேயே படுத்துக் கடையிலேயே சாப்பிட்டார்கள் என்பதுதான் வேறுபாடு. ஜூனியரில் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணம் என்று இப்போது ஓர் ஈட்டு ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலோர் மேல்லீக்கை எட்டமாட்டார்கள் என்பது அந்த அணிகளுக்கே தெரியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஆடுகளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். முன்தெருவில் நுழைந்து பின்தெருவில் வெளியேறும் எங்கள் வீட்டின் நீளம் 160 அடி. அதையும் விஞ்சும் அந்தப் பரப்பு முழுவதும் ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்துக்குத்தான் பனிக்கட்டி. சிமெண்டுத் தளத்துக்குள் ஓடும் குழாய்களில் உறைநிலைக்குக் கீழே குளிரூட்டிய உப்புநீரைச் செலுத்தி, மேலே மெல்லிய படலம் படலமாக நீரை விட்டு உறைய வைக்கிறார்கள். வெள்ளைச் சாயமும் கோடுகளும் அந்தப் படலங்களுக்கு இடையே அடைபட்டுக் கிடக்கின்றன. வீரரின் காலணிக்கடியில் இருக்கும் எஃகுத் தகடு மூன்று மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதது. அதன் அடியை நடுவில் குழிவாகத் தீட்டி இரண்டு விளிம்புகள் உண்டாக்குவார்கள். முழு வேகத்தில் போகிறவர் திரும்புவதும் நிற்பதும் அந்த விளிம்பு ஒன்றைப் பனியில் ஊன்றித்தான். உடலின் எடையும் வேகமும் அந்தக் கணத்தில் போய் முறுக்கும் இடம் முழங்கால்.

இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடந்தாலும் எந்த வீரரும் தொடர்ந்து களத்தில் இருப்பதில்லை. முக்கால் நிமிட நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரைந்துவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டிப் பெஞ்சில் வந்து விழுவார். அடுத்தவர் குதித்து உள்ளே போவார். கபடியில் பாடிப் போகிறவருக்கு மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் ஆட்டம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். 2025-26 வரை ஒரு பருவத்தில் இப்படி 82 ஆட்டங்கள். லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வெல்ல வேண்டுமானால் அதன் பிறகு நான்கு சுற்றுகளில் இன்னும் பதினாறு வெற்றிகள். 1893 முதல் வழங்கப்படும் அந்தக் கோப்பையில் வென்றவர்களின் பெயரைப் பொறிக்கிறார்கள். வென்ற அணியின் ஒவ்வொருவருக்கும் கோப்பையைத் தன் ஊருக்குக் கொண்டுபோக ஒரு நாள் தருகிறார்கள்.

பாபி 1966-இல், பதினெட்டு வயதில், பாஸ்டனுக்கு ஆடத் தொடங்கினார். தற்காப்பாட்டக்காரர் என்றால் தன் கோலுக்கு முன்னால் நின்று காவல் காப்பவர் என்றிருந்த வழக்கத்தை அவர் கலைத்தார். பக்கைத் தானே எடுத்துக்கொண்டு எதிரணியின் கோல் வரை பாய்ந்தார். லீக்கில் ஒரு பருவத்தின் அதிகப் புள்ளிகளுக்கான (அடித்த கோலும் அடிக்க உதவியதும் சேர்ந்த கணக்கு) பரிசை வென்ற ஒரே தற்காப்பாட்டக்காரர் இன்றுவரை அவர்தான். அதுவும் 1970, 1975 என இரண்டு முறை. சிறந்த தற்காப்பாட்டக்காரருக்கான பரிசு தொடர்ந்து எட்டு ஆண்டுகள் வேறு யாருக்கும் போகவில்லை. 1970 மே 10 அன்று, கூடுதல் நேரத்தின் நாற்பதாவது நொடியில் கோலடித்துக் கோப்பையை வென்று, எதிராளியின் மட்டை காலைத் தட்டிவிட, இரு கைகளையும் விரித்தபடி அந்தரத்தில் கிடைமட்டமாகப் பறக்கும் அவருடைய படம் இந்த ஆட்டத்தை அறியாதவர்களின் கண்ணிலும் எப்போதாவது பட்டிருக்கும். அவருடைய சட்டை எண் 4. அது அந்தத் தொடரின் நான்காவது ஆட்டம், அணியின் நான்காவது கோல். எண்கணிதம் பார்க்கிறவர்களுக்கு நல்ல தீனி.

படத்தில் தெரியாதது இடது முழங்கால். லீக்கில் ஆடத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே அது அடிபட்டுவிட்டது. முழங்கால் மூட்டில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பு கிழிந்தால், அன்றைய வைத்தியம் மூட்டைத் திறந்து அதை வெட்டி எடுத்துவிடுவதுதான். சிறு துளையிட்டுக் கருவி நுழைத்துத் தைக்கும் முறையெல்லாம் விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் இருந்தன. மெத்தை போனால் எலும்போடு எலும்பு உராயும். உராயும் மூட்டோடு மறுபடி அதே விளிம்பில் ஊன்றித் திரும்பினால் தேய்மானம் கூடும். பத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. 1976 கனடா கோப்பைப் போட்டியில் ஏறக்குறைய முடங்கிய காலோடு ஆடி, தொடரின் சிறந்த வீரர் என்ற பெயரும் வாங்கினார். அதற்குப் பிறகு லீக்கில் அவரால் ஆட முடிந்தது 26 ஆட்டங்கள்தான். 1978-இல் முப்பது வயதில் ஓய்வு. மொத்தம் 657 ஆட்டங்கள், 915 புள்ளிகள். ஆயாவுக்குப் பதில் சொல்வதானால், ஆட்டத்தின் ஆகச் சிறந்தவர்களில் ஒருவருக்கே பன்னிரண்டு வருஷம். அதிலும் கடைசிச் சில வருஷம் பெரும்பாலும் ஆடவே முடியாத வருஷம்.

இதுவரை சொன்னது முழங்காலின் கதை. பேரேட்டின் கதை இதைவிட மோசமானது.

பாபிக்குப் பதினெட்டு வயதில் ஒப்பந்தம் பேசிக் கொடுத்தவர் ஆலன் ஈகிள்சன் என்ற டொராண்டோ வழக்கறிஞர். அதுவரை எந்தப் புதுமுகமும் வாங்காத சம்பளத்தை அவர் வாங்கித் தந்தார். அந்தப் பெயரை முதலாக வைத்து, 1967-இல் உருவான வீரர்கள் சங்கத்துக்கும் அவரே தலைமை நிர்வாகி ஆனார். ஒரே ஆள் தனித்தனி வீரர்களின் ஏஜெண்டு, எல்லா வீரர்களுக்கும் சங்கத் தலைவர், சர்வதேசப் போட்டிகளை நடத்துகிறவர், அணி முதலாளிகளின் நண்பர். நம் பக்கத்தில் ஏஜெண்டு என்ற சொல்லுக்கு முதலாளியின் பணத்தை வெளிநாட்டுக் கடையில் வைத்து நடத்துகிறவர் என்று பொருள். தவணை முடிவில் ஐந்தொகை எடுத்து, குறிப்பேட்டையும் பேரேட்டையும் முதலாளியின் முன் வைத்தாக வேண்டும். ஹாக்கியில் முதல் போட்டவர் வீரர். அவர் போட்ட முதல் அவருடைய உடல். ஆனால் ஏட்டைக் காட்டு என்று கேட்கும் வழக்கம் மட்டும் அங்கே இல்லை. பாபி ஈகிள்சனைத் தன் அண்ணன் போல நம்பினார்.

1976-இல் பாஸ்டனில் ஒப்பந்தம் முடிந்தபோது, அவரைத் தக்கவைக்க அந்த அணி முன்வைத்த திட்டங்களில் ஒன்று, அணியின் உரிமையிலேயே 18.5 சதவீதப் பங்கு. ஒரு வீரருக்கு அப்படிப் பங்கு தர முன்வருவது கேள்விப்படாதது. ஈகிள்சன் அதைப் பாபியிடம் சொல்லவில்லை. பாஸ்டன் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டே அவர் சிக்காகோ அணிக்குப் போனார். அங்கே காலின் காரணமாகப் பெரும்பாலும் ஆட முடியாதபோது, ஆடுவதற்குத்தானே சம்பளம் என்று சொல்லி, வந்த காசோலைகளை மாற்றாமலே வைத்துவிட்டார். 1971-இலேயே ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றவர் அவர். ஆட்டத்தின் முதல் பத்து லட்ச ஒப்பந்தம் அதுதான் என்பார்கள். ஓய்வு பெற்றுக் கணக்குப் பார்த்தபோதோ, கொடுக்க வேண்டிய வரியும் கட்டணமும் கையிலிருந்த சொத்தைவிட அதிகம். 1980-இல் ஈகிள்சனை விட்டு விலகினார்.

1998-இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பத்து லட்சம் கனடிய டாலர் அபராதம், அதையடுத்துக் கனடாவில் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை. புகழ்மிக்க வீரர்களுக்கான ஹாக்கி மாடத்தில் அவர் பெயரும் இருந்தது. அவர் இருக்கும் இடத்தில் நாங்கள் இருக்கமாட்டோம் என்று பாபி உட்படப் பதினெட்டு முன்னாள் வீரர்கள் எச்சரித்த பிறகு, அவரே விலகிக்கொண்டார்.

பாபியின் ஏமாற்றத்தைத் தனிமனிதத் துரோகம் என்று மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். கார்டி ஹோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு உடல் துரோகம் செய்யவில்லை: 1946-இல் டெட்ராய்டு அணிக்கு ஆடத் தொடங்கியவர், இடையில் ஓய்வு பெற்றுத் திரும்பி, தன் மகன்களோடு ஒரே அணியில் ஆடி, 1980-இல் 52 வயதில்தான் லீக்கை விட்டார். 1,767 ஆட்டங்கள், 801 கோல்கள். அப்படிப்பட்டவர், அணியில் அதிகச் சம்பளம் தனக்குத்தான் என்று நிர்வாகம் சொன்னதைப் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டு, நீட்டிய தாளில் கையெழுத்திட்டு வந்தார்; உண்மை அதுவல்ல என்பது 1960-களின் கடைசியில் சக வீரர் ஒருவர் தன் சம்பளத்தை வாய்விட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. நேரில் போய்க் கேட்டதும் முதலாளி மறுபேச்சில்லாமல் ஒரு லட்சம் டாலர் தந்தார். அவ்வளவு எளிதில் கிடைத்ததே அவரைக் கசப்பாக்கியது என்று நினைக்கிறேன். சம்பளம் ரகசியமாக இருக்கும் வரை முதலாளிக்கு மட்டுமே பேரேடு உண்டு. அந்த ரகசியத்தை உடைக்க 1957-இலேயே சங்கம் தொடங்க முயன்ற டெட் லிண்ட்சேயை, நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே, டெட்ராய்டு அணி சிக்காகோவுக்குத் தள்ளிவிட்டிருந்தது.

இன்று சம்பளங்கள் எல்லார்க்கும் தெரியும். ஏஜெண்டுகள் சங்கத்திடம் சான்று பெற வேண்டும். 2025-26 பருவத்தில் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர், ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 9 கோடியே 55 லட்சம் டாலர். ஆனால் தாளைக் கூர்ந்து படிக்க வேண்டிய தேவை குறையவில்லை. பதினெட்டு வயதில் சேர்கிறவரின் முதல் ஒப்பந்தம் மூன்றாண்டுதான், பெரும்பாலும் இரட்டைச் சம்பளம் எழுதியது: மேல்லீக்கில் இருந்தால் ஒரு தொகை, கீழ்லீக் அணிக்கு அனுப்பப்பட்டால் அதில் சிறு பகுதி. காலையில் பயிற்சிக்கு வந்தவரை மாலையில் வேறு ஊருக்கு விமானம் ஏற்றுவது அன்றாட நடைமுறை. லீக் வருவாயில் பாதி வீரர்களுக்கு, பாதி முதலாளிகளுக்கு என்பது உடன்பாடு; அந்தப் பாதியைத் தாண்டிவிடாதபடி ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகே தீர்க்கிறார்கள். தன் விருப்பப்படி எந்த அணியோடும் பேசும் உரிமை பொதுவாக 27 வயதில், அல்லது ஏழு பருவங்கள் ஆடிய பின் கிடைக்கிறது. முன்கள வீரரின் உடல் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அதுவே என்பதால், விடுதலை வருகிறபோது விற்பதற்கு இளமை அதிகம் மிஞ்சியிருப்பதில்லை.

அடிதடிக்கென்றே அணியில் வைக்கப்பட்டவர்களின் கணக்கு இன்னும் கொடியது. டெரெக் பூகார்டு என்ற ஆறரை அடி மனிதர் லீக்கில் 277 ஆட்டங்கள் ஆடி அடித்த கோல்கள் மூன்று. அவருடைய வேலை கையுறையைக் கழற்றிவிட்டு எதிரணியின் முரடரோடு மோதுவது. 2011-இல் 28 வயதில் இறந்தபோது, திரும்பத் திரும்ப விழுந்த அடிகளால் வரும் நோய் அவர் மூளையில் முற்றியிருந்ததைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். முழங்கால் தேய்ந்தால் செயற்கை மூட்டு வைக்கலாம். பாபியும் பின்னாளில் வைத்துக்கொண்டார்.

நம் நாட்டார் இதில் எங்கே என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். பஞ்சாபி வம்சாவளியில் லீக்கில் ஆடிய முதல்வர் கனடாவின் டங்கன் என்ற ஊரைச் சேர்ந்த ராபின் பாவா. 1989-90 பருவத்தில் வாஷிங்டன் அணிக்கு வந்தவர், மொத்தம் ஆட முடிந்தது 61 ஆட்டங்கள். லடாக்கில் குளிர்காலத்தில் உறையும் குளங்களில் இந்த ஆட்டம் பல்லாண்டுகளாக நடக்கிறது. இந்திய மகளிர் அணி 2025-இல் ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றது. ஆனால் அங்கே ஆண்டில் சில வாரங்களே பனிக்கட்டி. ஆட்டத்தை நம்பிப் பிழைக்க முடியாது, ராணுவ வேலையோ எல்லைக் காவல் வேலையோதான் சோறு.

பாபி ஓர் பின்னாளில் தாமே ஏஜெண்டு ஆனார். 2015-இல் டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்வான கானர் மெக்டேவிட் உட்படப் பல இளைஞர்கள் அவருடைய நிறுவனத்தின் வழியாகவே லீக்குக்குள் நுழைந்தார்கள். இந்தக் கதை முழுவதையும் இரண்டு மாலைகளில் முற்றத்து ஊஞ்சலில் உட்கார்ந்து ஆயாவுக்குச் சொல்லி முடித்தோம். பங்கை மறைத்ததைச் சொன்னபோது "ம்" என்றார். மாற்றாத காசோலைகளைச் சொன்னபோது பையனை ஒருமுறை பார்த்தார். எல்லாம் கேட்டுவிட்டு, கையிலிருந்த பக்கை அவனிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அது கெடக்கட்டும், அவுக ஆத்தா வீட்டுக்குப் பூசிக் குடுத்தானுகளா இல்லையா?" என்று கேட்டார்.